காய்ச்சலில் பிறந்த தோட்டம்

ஈரோட்டில் வசந்தம் வந்துவிட்டதைப் பூக்கள் சொல்வதில்லை, கம்பம்தான் சொல்லும். பங்குனியில் பிரப் ரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் ஊர் மாறிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கே பெண்கள் ஈரத்துணியோடு குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரைக் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். திருவிழா முடியும் வரை தினமும் இது நடக்கும். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் விடும் நாளில் தெருவெல்லாம் மஞ்சள் நீர் ஓடும்.

இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது குயில், மாந்தளிர், தென்றல் என்றுதான் மனப்பாடம் செய்தோம். ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பருவத்தின் நிஜமான பெயர் காய்ச்சல். வேம்பு பூக்கும் மாதம்தான் அம்மை போடும் மாதமும். அதனால் கொங்கு நாட்டின் வசந்த விழா என்பது குளிர வைக்கும் விழா. அம்மனைக் குளிர வைத்தால் ஊர் குளிரும்.

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, எண்பத்தைந்து தாண்டியவர். நடக்க முடிகிற வரை கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். முடியாமல் போன பிறகு நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். அவர் எப்போதும் இரண்டு குடம் ஊற்றுவார். இரண்டாவது எதற்கு என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் செய்வதில் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த இரண்டாவது குடத்தின் கதைக்கு நான் போய்ச் சேர்ந்தது ஊட்டி தாவரவியல் பூங்கா வழியாக.

*

ஐந்தாறு ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க நேரத்துக்கு மீட்டிங். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து உட்கார வேண்டும். ஒரு கட்டத்தில் சர்வர் விழாத இரவுகளிலும் சரியாக இரண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. பரிசோதனைகள் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லைங்க. ஒரு மாசம் லீவு போட்டுட்டு எங்கயாவது போய் நடங்க" என்றார் மருத்துவர். காகிதத்தில் எழுதியே கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் விடுப்பு வாங்கினேன்.

ஊட்டியில் நண்பனின் வீடு ஜனவரியில் காலியாக இருந்தது. அதிகாலையில் ஈரோடு வழியாகப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலையேறினேன். ஜனவரி என்பது ஊட்டிக்கு யாரும் வராத நேரம் என்று போன பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் காலை பூங்கா திறந்ததும் உள்ளே போனேன். பூக்களே இல்லை. புல்வெளி முழுக்க உறைபனி, உப்புக் கொட்டியது போல. பாத்திகளின் மேல் காய்ந்த மிலாறுகளை வரிசையாகப் பரப்பி மூடியிருந்தார்கள். குப்பையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலையில் மஃப்ளர் சுற்றிய தோட்டக்காரர் ஒருவர் குனிந்து அந்த மிலாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே விரல் நீளத்துக்கு நாற்றுகள்.

"எதுக்குண்ணா மூடியிருக்கீங்க?"

"மூடலைன்னா கருகிடும் தம்பி. பனி தீ மாதிரி. வெயில் வந்ததும் எடுத்துருவோம், சாயங்காலம் திரும்பப் போட்ருவோம்."

"தினமுமா?"

"பின்ன? பனி தினமும்தானே பெய்யுது."

இன்னொரு பக்கம் ஒருவர் புல்வெளிக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். வெயில் உறைபனியின் மேல் விழுவதற்கு முன்பே அதைக் கரைத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் புல் கருகிவிடும். மே மாதத்தில் லட்சக்கணக்கான பேர் வந்து செல்ஃபி எடுக்கும் மலர்க் கண்காட்சியின் உண்மையான வேலை இந்தக் குளிரில் நடக்கிறது. 2024இல் நடந்தது 126வது கண்காட்சி. அத்தனை ஆண்டுகளும் யாரோ ஒருவர் ஜனவரியில் குனிந்து நின்றிருக்கிறார்.

நான் தினமும் போக ஆரம்பித்தேன். கீழ்த் தோட்டத்தில் தொடங்கி, பெரணிக் கண்ணாடி வீடு, இத்தாலியத் தோட்டம், அதற்கு மேலே அடுக்கடுக்காகச் சரிவு. இந்தப் பாதைகளில் நேர்க்கோடு கிடையாது. ஒரு திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆகவே நடையின் வேகம் தானாகக் குறையும். 10 நாள் கழித்து கவனித்தேன், கையில் போன் இல்லை. அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், அது நினைவுக்கும் வரவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரவில்லை.

எனக்கு ஒன்று நன்றாக வேலை செய்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. இந்தப் பாதையை வளைத்தது யார்? மாலைகளில் ஊட்டியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

*

கதை மலையின் அடிவாரத்தில் தொடங்குகிறது, இன்றைய ஈரோடு மாவட்டத்தில். பவானியும் மோயாறும் கூடும் இடத்துக்கு அருகே தணாயக்கன்கோட்டை என்றொரு ஊர் இருந்தது. மேட்டுப்பாளையம் பாதை பழகுவதற்கு முன்னால் நீலகிரி ஏறியவர்களில் பலர் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மலை கம்பெனியின் கைக்கு வந்து கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1868இல்தான் நீலகிரி கோவையிலிருந்து பிரிந்தது.

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். கூடவே லெஷ்னோல் தெ லா தூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரும் போனார். பாண்டிச்சேரியின் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்தவர் அவர். சமவெளியில் மிகவும் நோயுற்றிருந்தவர், மலைக்காற்றில் சில நாட்களிலேயே தேறிவிட்டார். ஊட்டியின் வரலாற்றை எழுதியவர்கள் யாரும் இந்தச் சம்பவத்தை விடுவதில்லை. ஒரு வகையில் ஊட்டிக்கு வந்து உடம்பு தேறிய முதல் பிரபலமான நோயாளி அவர். டாக்டர் சீட்டோடு போன நான் அந்த நீண்ட வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறேன்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் சமவெளிக் காற்றின் நோய் என்று நம்பினார்கள். சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று. 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருளே கெட்ட காற்றுதான். அப்படியென்றால் நல்ல காற்றுதானே மருந்து? ஆகவே 1820களிலேயே ஊட்டி, நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடல் தேற்றிக்கொள்ளும் ஊராகிவிட்டது. சல்லிவன் கல்வீடு கட்டினார், ஏரி வெட்டினார், ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் நட்டுப் பார்த்தார். மலை தோடர்களின் உரிமை நிலம் என்று அரசிடம் வாதாடியவரும் அவர்தான். அந்த வாதம் எடுபடவில்லை. அவருடைய மனைவியும் மகளும் 1838இல் அங்கேயே இறந்தார்கள். செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் அவர்களுடைய கல்லறை இருக்கிறது. நல்ல காற்று எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை.

உடம்பு தேற வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். 1847இல் ஊட்டியின் ஐரோப்பியர்கள் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி ஒரு தோட்டம் தொடங்கினார்கள். நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கூட்டுறவுக் காய்கறித் தோட்டம் என்று சொல்லலாம். அது சரியாக ஓடவில்லை. சென்னை ஆளுநராக இருந்த ட்வீட்டேல் பிரபு ஆதரவு தந்தார், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஓர் ஆளைக் கேட்டு வாங்கினார்கள். வந்தவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர். ஸ்காட்லாந்துக்காரர், வயது இருபதுகளில். 1848 மார்ச்சில் வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த இடம், மேல்பகுதி காடும் செங்குத்துச் சரிவும், கீழ்ப்பகுதி சேறும் சதுப்பும். சரிவை அடுக்குகளாக வெட்டி, சதுப்பை வடித்து, பாதைகளை வளைத்து அவர் வேலையை முடிக்கச் சுமார் 10 ஆண்டுகள் ஆயின. நேராகப் போட்டிருந்தால் மழையில் மண் அரித்துக்கொண்டு போயிருக்கும், செங்குத்தில் ஏறவும் முடியாது. பாதை வளைந்து வளைந்து போவதற்கு அழகு மட்டும் காரணமில்லை என்று சரிவில் நடக்கும்போதே புரிகிறது. என் வேகத்தைக் குறைத்தது பாதிக்குப் பாதி நீர் வடிகாலின் கணக்கு. எஞ்சினியரிங் படித்தவனுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

*

காய்ச்சல்காரர்களுக்குக் கீரையும் கிழங்கும் விளைவிக்கத் தொடங்கிய தோட்டம், அடுத்த பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் காய்ச்சலுக்கே மருந்து விளைவிக்கும் இடமாயிற்று.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை முறைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பது ஐரோப்பாவுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அந்தப் பட்டையிலிருந்து குயினைனை 1820இல் பிரித்தெடுத்தார்கள் பெல்த்தியே, காவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள். நம் கிராமங்களில் அதுதான் கொய்னா. பேரரசுகளுக்கு அந்த மரம் தேவைப்பட்டது. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆங்கிலேயர்கள் பெரு, எக்வடார் மலைகளிலிருந்து விதையும் நாற்றும் எடுத்துவந்தார்கள். மார்க்கம் கொண்டுவந்த நாற்றுகள் பிழைக்கவில்லை. விதைகளும், ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து 1861இல் வந்து சேர்ந்த சிவப்புப் பட்டை நாற்றுகளும் பிழைத்தன. அவற்றைப் பெற்றுப் பெருக்கியவர் மெக்கைவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மருந்து பட்டையில் இருக்கிறது. பட்டையை உரித்தால் மரம் சாகும். ஆண்டிஸில் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் உரித்தார்கள், காடுகள் அழிந்தன. மெக்கைவர் வேறொரு வழி கண்டார். மரத்தின் பட்டையை முழுக்க உரிக்காமல், நெட்டுவாக்கில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு நாடா உரிப்பது. பக்கத்தில் அதே அகலத்துக்கு ஒரு நாடாவை விட்டுவைப்பது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு ஈரப் பாசியை எடுத்து அடிமரத்தைச் சுற்றிப் போர்த்திக் கட்டிவிடுவது. வெயிலும் காற்றும் படாமல் அந்தப் பாசிக்கு உள்ளே காயத்தின் மேல் புதுப்பட்டை வளரும். வளர்ந்த பிறகு, முன்பு விட்டுவைத்த நாடாக்களை உரிக்கலாம். அதற்குள் இது தயாராகிவிடும். இதில் பெரிய ஆச்சரியம், பழைய பட்டையைவிடப் புதுப்பட்டையில் குயினைன் அதிகமாக இருந்தது. லண்டன் சந்தையில் அதற்குத் தனிப்பெயரே வந்தது: புதுப்பிக்கப்பட்ட பட்டை.

இதைப் படித்த இரவு எனக்கு உற்சாகம் தாளவில்லை. மறுநாள் காலை மிலாறு மூடிய பாத்திகளைப் பார்த்தபோது எல்லாம் பொருந்திவிட்டதாகத் தோன்றியது. பனிக்கு மிலாறு, காயத்துக்குப் பாசி. எனக்கு இந்தத் தோட்டம். எங்கள் வேலையில் எதுவும் சரியில்லையென்றால் ரீஸ்டார்ட் செய்வோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. உயிருள்ளவை அப்படிப் புதுப்பித்துக்கொள்வதில்லை. பாதி பட்டையை விட்டுவைக்க வேண்டும், காயத்தை மூட வேண்டும், காத்திருக்க வேண்டும். அதையெல்லாம் செய்ய வேறொரு ஆளும் வேண்டும். மரம் தனக்குத்தானே பாசி கட்டிக்கொள்ளாது. நண்பர்களுக்கு வாட்ஸப்பில் பெரிய குறிப்பே எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த மரத்தைத் தேற்றியது எதற்காக? மறுபடி உரிப்பதற்காக. சிப்பாயை ஊட்டிக்கு அனுப்பியது எதற்காக? தேறியதும் பாசறைக்குத் திரும்ப அழைப்பதற்காக. எனக்கு ஒரு மாதம் விடுப்பு கொடுத்தவர்களும் பிப்ரவரி முதல் தேதியில் லேப்டாப்பைத் திறப்பேன் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். புதுப்பட்டையில் குயினைன் அதிகம் என்ற செய்தியில் நான் பார்த்த கவிதையை, லண்டன் வியாபாரி லாபமாகப் பார்த்திருப்பான். இருவரும் பார்த்தது ஒரே பட்டையைத்தான்.

*

அதன் பிறகு பூங்காவில் நடக்கும்போது கண்ணில் படுபவை மாறின. தோட்டத்தின் மேல் எல்லையில், அந்த அழகான சரிவு முடிகிற இடத்தில், தோடர் மந்து ஒன்று இருக்கிறது. எருமைகள் மேய்ந்த புல்வெளிகளுக்கு நடுவே இருந்த குடியிருப்பு இன்று பூங்காவின் ஒரு மூலையாகத் தெரிகிறது. எதிர்மலைகளில் கற்பூர மரங்களும் சீகை மரங்களும். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று பரப்பினார்கள். அவற்றின் அடியில் எத்தனையோ சோலைகளும் புல்வெளிகளும் போயின. நான் 'இயற்கை' என்று நினைத்து மூச்சை இழுத்துவிட்டது பெரும்பாலும் 150 ஆண்டு வயதுள்ள ஒரு கட்டுமானம்.

நடுவட்டத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய்வந்தேன். அங்கே சிங்கோனாத் தோட்டத்தை உருவாக்க 1860களில் உழைத்தவர்களில் மலாயாப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. விடுதலையான சிலர் அந்தப் பகுதியிலேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். கடலின் மறுகரையில் பிறந்து, குற்றவாளியாக இந்த மலைக்கு வந்து, யாருடைய காய்ச்சலுக்கோ மரம் நட்ட மனிதன் ஒருவனை நினைத்துப் பார்த்தேன். அவனுடைய காய்ச்சலுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

தென் அமெரிக்காவில் இதைவிடக் கொடுமை. மானுவல் இங்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடி மனிதர் உயர்ந்த ரகச் சிங்கோனா விதைகளைச் சேகரித்து சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்குக் கொடுத்தார். பிற்பாடு அதிகாரிகளிடம் பிடிபட்டு, அடிபட்டு இறந்தார். அந்த விதைகளை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அதில் குயினைன் பல மடங்கு. 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது உலகச் சந்தை ஜாவாவின் கையில் இருந்தது. விலை சரிந்தது. நீலகிரியில் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். அரசுத் தோட்டங்களும் நடுவட்டத்துத் தொழிற்சாலையும் மட்டும் தொடர்ந்தன. மெக்கைவர் 1876லேயே இறந்துவிட்டார், இந்தச் சரிவை முழுக்கப் பார்க்கவில்லை.

கெட்ட காற்று என்ற நம்பிக்கை உடைந்ததிலும் இந்த மலைக்கு ஒரு பங்கு உண்டு. 1897 வசந்தத்தில் ரொனால்ட் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் சும்மா இருக்காமல் சீகூர் மலைப்பாதையில் இறங்கிக் காய்ச்சல் பகுதியைப் பார்க்கப் போனார், அவருக்கே காய்ச்சல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஊட்டியில் காய்ச்சல் குறைவாக இருந்ததற்குக் காரணம் தெய்வீகக் காற்று இல்லை. அந்தக் குளிரில் கொசுவுக்குள் கிருமி வளர முடியாது, அவ்வளவுதான்.

*

பிப்ரவரியில் ஈரோடு திரும்பினேன். தூக்கம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அமுச்சிக்குக் கால் அமுக்கிக்கொண்டே இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். அவர் பாதி கேட்டார், பாதி தூங்கினார். கொய்னா என்ற சொல் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கொய்னாவா? அந்தக் கசப்பு மாத்தரயா?"

"ஆமாங்க அமுச்சி. அந்த மரத்த ஊட்டி மலைலதான் வெச்சிருந்தாங்க."

"எந்த ஊட்டி? நம்மூரு வாசல்ல நின்னாத் தெரியுமே, அந்த மலையா?"

நம்மூர் என்று அவர் சொன்னது ஈரோட்டை இல்லை. அவர் பிறந்தது தணாயக்கன்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில். பவானிசாகர் அணையின் வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தபோது கோட்டையும் சுற்றியிருந்த ஊர்களும் தண்ணீருக்குள் போயின. அந்த வாசலும் போயிற்று. அங்கே நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும் என்பது இப்போது அவர் நினைவில் மட்டும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கொரு அண்ணன் இருந்தான் சாமி. ஒம்பது வயசு. நா அப்ப அஞ்சோ ஆறோ. சப்பான் சண்ட நடந்த வருசம். எங்கூர்ல மழ விட்டா காச்சல்தான், ஊடு ஊடுக்குப் படுத்துக் கெடப்பாங்க. ஒருநா குளுரு, ஒருநா நல்லாருப்பான், மறுக்காக் குளுரு. எங்கப்பாரு மாத்தர கேட்டுச் சத்தி வரைக்கும் நடந்து போனாரு. கொய்னா இல்ல, கப்பல் வரலைன்னு சொல்லிப்போட்டாங்க. திரும்பி வாரதுக்குள்ள போயிட்டான்."

கப்பல் வரவில்லை. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர்களிடம் விழுந்தது. உலகத்தின் குயினைனில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் நின்றுபோயிற்று. இந்தியாவில் விளைந்தது இந்தியாவின் தேவைக்குப் போதவில்லை. இருந்ததிலும் ராணுவத்துக்கு முன்னுரிமை. இதை நான் வரலாறாகப் படித்திருந்தேன், ஒரு பத்தி. அந்தப் பத்தியின் மறுமுனையில் சத்தியமங்கலத்துக்கு நடந்துபோய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு தகப்பன் இருக்கிறார், என் கொள்ளுத்தாத்தா. அவர் நடந்த வழியெல்லாம் அந்த மலை தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மலையின் மேல் சிங்கோனா மரங்கள் நின்றன.

"அவனுக்குத்தான் ஒரு கொடம் சேத்தி ஊத்தறது" என்றார் அமுச்சி.

*

மார்ச் நடுவில், கம்பம் நடுவதற்கு முன்பு, அமுச்சியைக் காரில் ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை, குளிர் ஆகாது என்றார். அமுச்சிதான் பிடிவாதமாக வந்தார். மலைப்பாதையில் ஜகராண்டா மரங்கள் இலையில்லாமல் ஊதா நிறத்தில் பூக்கத் தொடங்கியிருந்தன. அவருக்கு அந்த நிறம் பிடித்தது, அதற்குப் பெயர் கேட்டார், சொன்னதை இரண்டு நிமிடத்தில் மறந்தார்.

பூங்காவில் மிலாறுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பாத்திகளில் இன்னும் முழுக்கப் பூ வரவில்லை. ஜனவரியில் விரல் நீளம் இருந்தவை முழங்கால் உயரத்துக்கு வந்து மொட்டு விட்டிருந்தன. ஒரு பக்கம் கண்காட்சிக்கான தொட்டிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தார்கள். மஃப்ளர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஆயாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? அடுத்த மாசம் வந்திருந்தா நல்லாப் பூத்திருக்குமே" என்றார்.

"பூவு எங்கூர்லயே இருக்குதுங்" என்றார் அமுச்சி. "பனிலயும் குளுருலயும் நீங்க பண்ணறதப் பாக்கலாம்னுதான் வந்தேன்."

கீழ்த் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பாதை வளையும் இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தெற்கே மலைகள். எந்தத் திசையில் அவருடைய ஊர் என்று கேட்டார். கிழக்கே, இந்த மலைகளுக்கு அந்தப் பக்கம், கீழே, தண்ணீருக்குள் என்றேன். அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன கிட்டத்துலயா இருந்துச்சு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மரம் கிட்டத்தில் இருந்ததும் மருந்து கிட்டத்தில் இல்லாததும் ஏன் என்று எனக்குத் தெரியும். ஜாவா, லண்டன் சந்தை, லெட்ஜர் விதை, போர், எல்லாம் தெரியும். அந்தப் பெஞ்சில் வைத்து அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஜனவரி முழுக்க இந்தத் தோட்டம் எனக்குக் கொடுத்த நிம்மதி பொய்யில்லை. அது இப்போதும் அங்கேதான் இருந்தது. வெயில் இதமாக இருந்தது, புல்லிலிருந்து ஈரம் ஆவியாக எழுந்தது. அமுச்சியின் முகமும் அமைதியாகத்தான் இருந்தது. அவர் எதற்காகவும் தேற வரவில்லை. தேறி, திரும்பிப்போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் அவருக்கில்லை. 80 ஆண்டு கழித்து அண்ணனுக்கு ஒரு மரத்தைப் பார்க்க வந்தார், அது இங்கே இல்லையென்றாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருந்தார். அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம்.

கிளம்பும்போது அமுச்சி, பாத்தி ஓரத்தில் அடுக்கியிருந்த காய்ந்த மிலாறு ஒன்றைக் குனிந்து எடுக்கப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். மடியில் முடிந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கம்பம் நட்டார்கள். இப்போது அமுச்சியால் கோயில் வரைக்கும் நடக்க முடிவதில்லை. விடியற்காலை நானும் அம்மாவும் போனோம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு கொடம் சாமி. மறந்துபோடாத."

அம்மா ஒரு குடம் ஊற்றினார். இரண்டாவது குடத்தை நான் தூக்கிக் கொடுத்தேன். வேப்பிலை மிதந்த மஞ்சள் தண்ணீர் கம்பத்தில் வழிந்து, எங்கள் காலை நனைத்து, வடிகாலைத் தேடி ஓடியது.